குண்டர் சட்ட ஆணை 'டெக்னிக்கல்' காரணத்தால் ரத்து: இதில் 1950 எங்கே வருகிறது?

வாசகன்_திருச்சி (இழை தொடக்கம்)

எல்லோருக்கும் வணக்கம். வாரத்துக்கு ஒரு செய்தியாவது கண்ணில் படுகிறது: குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டவர் மீதான ஆணை ரத்து. காரணத்தைப் பார்த்தால் "தமிழாக்கம் தரவில்லை" அல்லது "மனுவைப் பரிசீலிக்கத் தாமதம்". அந்த ஆள் செய்தானா இல்லையா என்ற பேச்சே தீர்ப்பில் இல்லை. படிக்கிறவனுக்கு 'ஓட்டை வழியா நழுவிட்டான்' என்றுதான் தோன்றும். நீதிமன்றம் விஷயத்துக்குள் போகாமல் தாளையும் தேதியையும் எண்ணிக்கொண்டிருப்பது ஏன்? எப்போதிலிருந்து இப்படி? எந்தெந்தத் தேதி பார்க்கப்படும் என்று நடைமுறை தெரிந்தவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

பழங்கோப்பு

விஷயத்துக்குள் போகமாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் முடிவெடுத்தது அது பிறந்த வருடத்திலேயே. அங்கிருந்து தொடங்கினால்தான் மற்றது புரியும்.

1950 ஜனவரி 26 அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது. ஒரு மாதம்தான் போனது, பிப்ரவரி கடைசியில் நாடாளுமன்றம், குண்டர் சட்டம் போலவே விசாரணையில்லாமல் அடைக்க வழிசெய்யும் தடுப்புக்காவல் சட்டத்தை நிறைவேற்றியது. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் 1947 டிசம்பரிலிருந்தே அன்றைய சென்னை மாகாணத்தில் காவலில் இருந்தார். சிறைக்குள் இருந்தவருக்கே 1950 மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்படி ஆணை சார்வு செய்யப்பட்டது, அதாவது கையில் தரப்பட்டது. அவர் சரத்து 32ன் கீழ் நேரே உச்ச நீதிமன்றம் போனார். வாதாடியவர் எம்.கே.நம்பியார். ஆறு நீதிபதிகள், தீர்ப்பு மே 19.

நம்பியார் கேட்டது இதுதான்: ஒருவனைச் சிறையில் போட்டால் 19ல் உள்ள நடமாடும் உரிமையும் போகிறது, 21ல் உள்ள தனிமனிதச் சுதந்திரமும் போகிறது. அப்படியிருக்க இரண்டையும் சேர்த்துப் படித்து, அந்தச் சட்டம் நியாயமானதா என்று பார்க்க வேண்டாமா? பெரும்பான்மை மறுத்தது. ஒவ்வொரு சரத்தும் தனித்தனி அறை, தடுப்புக்காவலுக்கான அறை 22, அதில் எழுதியிருப்பதை அரசு செய்ததா என்று மட்டும் பார்ப்போம் என்றது. அடைப்பது தேவையா என்பது அதிகாரியின் மனநிறைவைப் பொறுத்தது, அதற்குள் நீதிமன்றம் நுழையாது. நீதிபதி ஃபசல் அலி முழுதாக மாறுபட்டார். காவல் தேவையா என்று பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்பாமலே மூன்று மாதத்துக்கு மேல் அடைக்க இடம் தந்த 12ஆம் பிரிவு செல்லாது என்ற வரையில் நீதிபதி மகாஜனும் மாறுபட்டார்.

ஆனால் ஒன்றில் ஆறு பேரும் ஒரே பக்கம் நின்றார்கள். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது, வெளியிட்டால் தண்டனை என்றது அச்சட்டத்தின் 14ஆம் பிரிவு. அதை வெட்டி எறிந்தார்கள். காரணத்தைப் பார்க்கவே முடியாவிட்டால் 22(5)ல் சொன்னபடி காரணம் தரப்பட்டதா என்று எப்படிச் சொல்வது?

வாசகன் தம்பி, இன்று நீங்கள் 'டெக்னிக்கல்' என்று படிப்பது எல்லாம் அந்த 14ஆம் பிரிவு விழுந்த இடத்தில் முளைத்ததுதான். சரியா தப்பா என்று எடைபோடும் அதிகாரத்தை நீதிமன்றம் விட்டுக்கொடுத்தது, தாளைப் பார்க்கும் அதிகாரத்தை விடவில்லை.

சேலம்50

பழங்கோப்பு ஐயா சொன்னதற்கு முன்கதை கொஞ்சம். விசாரணையில்லாமல் அடைப்பது சுதந்திர இந்தியாவின் கண்டுபிடிப்பு அல்ல. 1818ன் வங்காள ஒழுங்குவிதி 3, நம் பக்கம் 1819ன் சென்னை ஒழுங்குவிதி 2, பிறகு 1915 இந்தியப் பாதுகாப்புச் சட்டம், 1919 ரௌலட் சட்டம், 1939ல் மறுபடி போர்க்காலச் சட்டம். ரௌலட்டை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களும் அதன் வழிவந்த சட்டங்களில் சிறை போனவர்களும் அரசியல் நிர்ணய சபையில் உட்கார்ந்து, தடுப்புக்காவலை அடிப்படை உரிமை அத்தியாயத்துக்குள்ளேயே வைத்தார்கள். போர் இல்லாத காலத்துக்கும் சேர்த்து. இந்த வினோதத்தைக் கவனிக்காமல் யாரும் தாண்டக் கூடாது.

எப்படி நடந்தது? சரத்து 21ன் வரைவில் முதலில் அமெரிக்க பாணி 'உரிய சட்ட நெறிமுறை' என்ற சொல் இருந்தது. சபையின் அரசியலமைப்பு ஆலோசகர் பி.என்.ராவ் அமெரிக்கா போய் நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டரைப் பார்த்துவிட்டு வந்த பிறகு அது எடுக்கப்பட்டு, 1946 ஜப்பானிய அரசியலமைப்பின் 31ஆம் சரத்தை ஒட்டி 'சட்டம் வகுத்த நடைமுறை' என்று ஆனது. சபையில் கடும் எதிர்ப்பு. அதை ஈடுகட்டத்தான் அம்பேத்கர் 1949 செப்டம்பர் 15 அன்று 15-அ என்ற புதிய வரைவைக் கொண்டுவந்தார். அதுதான் இன்றைய 22. அதாவது 22 என்பது பறிபோன ஒன்றுக்கான நஷ்டஈடு. அதிலுள்ள ஐந்தாறு உபசரத்துகளையும் எழுத்துக்கு எழுத்துப் பிடித்துத் தொங்குவதைத் தவிரக் காவலில் இருப்பவருக்கு வேறு பிடிமானம் வைக்கப்படவில்லை.

காலத்தையும் மறக்க வேண்டாம். 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்திய சிறையில் துப்பாக்கிச்சூடு, 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தார்கள். குடியரசுக்கு அப்போது வயது 16 நாள்.

கண்மணி_சட்டம்

ஒரு சின்ன இடைச்செருகல். ஃபசல் அலியை எல்லோரும் கொண்டாடுகிறோம். கோபாலன் தீர்ப்புக்கு ஒரு வாரம் கழித்து, மே 26, ரொமேஷ் தாப்பர் வழக்கு. 'கிராஸ் ரோட்ஸ்' பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக் கூடாது என்ற தடையைப் பெரும்பான்மை ரத்து செய்தது. அங்கே மாறுபட்டு அரசின் பக்கம் நின்றவரும் அதே ஃபசல் அலிதான். எதிர்ப்பக்கம், கோபாலனில் அரசோடு நின்ற பதஞ்சலி சாஸ்திரிதான் தாப்பரில் பத்திரிகைக்காக எழுதினார். நீதிபதிகளை நாயகன், வில்லன் என்று பிரித்தால் முதல் வாரத்திலேயே கணக்கு உதைக்கும்.

தாப்பர் வழக்கின் விளைவு தெரிந்ததே: 1951ல் முதல் திருத்தம், பேச்சுரிமைக்கு வரம்பு போடும் 19(2)ல் 'பொது ஒழுங்கு' என்ற சொல் நுழைந்தது. இந்தச் சொல்லை மறுபடி குண்டர் சட்டத்தில் பார்ப்போம்.

எதிர்த்தரப்பு

வரலாறு அருமை. ஆனால் இரண்டு கொலை வழக்கில் ஜாமீனில் வந்து மூன்றாவது கொலை செய்பவன், சாட்சியை வீட்டு வாசலில் நின்று மிரட்டுபவன், இவனை என்ன செய்வது? குண்டர் சட்டம், அதாவது தமிழ்நாடு சட்டம் 14/1982, அதற்காகத்தான் வந்தது. அறிவுரைக் கழகம் இருக்கிறது, 12 மாதம் என்ற உச்சவரம்பு இருக்கிறது. இதற்கு மேல் ஒரு பக்கம் மங்கலாக இருந்தது என்று ஆணையே போய்விடுமா?

ஆட்கொணர்வு_66

எதிர்த்தரப்பு சார், பதில் இருக்கிறது. முதலில் வாசகன் கேட்ட தேதிக் கணக்கை முடித்துவிடுகிறேன்.

சட்டம் 14/1982ன்படி ஆணையிடும் அதிகாரம் அரசுக்கு. அதை மாவட்ட ஆட்சியருக்கும் மாநகரக் காவல் ஆணையருக்கும் ஒவ்வொரு முறையும் மூன்று மாதத்துக்கு மிகாமல் ஒப்படைக்கிறார்கள். ஆணை போட்டால்:

12 நாளுக்குள் மாநில அரசு ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டால் ஆணை தானே செத்துவிடும். இது ஆணை பிறப்பித்த நாளிலிருந்து.
5 நாளுக்குள் காரணங்களையும் ஆவணங்களையும் காவலில் உள்ளவர் கையில் தர வேண்டும்.
3 வாரத்துக்குள் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும்.
7 வாரத்துக்குள் கழகம் அறிக்கை தர வேண்டும்.
அதிகபட்சம் 12 மாதம்.

கடைசி நான்கும் காவலில் வைக்கப்பட்ட நாளிலிருந்து எண்ணப்படும், ஆணையின் தேதியிலிருந்து அல்ல. புதிதாக வருகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான். ஆள் ஏற்கெனவே ரிமாண்டில் சிறையில் இருப்பார். ஆணை 4ஆம் தேதி கையெழுத்தாகி 6ஆம் தேதி சிறையில் சார்வு செய்யப்பட்டால் 6தான் கணக்கின் தொடக்கம். சார்வு செய்த நகலில் அவர் கையெழுத்துக்குக் கீழே உள்ள தேதியைப் பார்த்துவிட்டுத்தான் மனு வரைய உட்கார வேண்டும்.

இந்த ஐந்தையும் அரசு பெரும்பாலும் தவறவிடாது. துறை அலுவலகத்தில் அதற்கென்றே பதிவேடு வைத்திருப்பார்கள். ஆணைகள் விழுவது வேறு இடத்தில், எண்ணாக எழுதப்படாத கெடுவில். 22(5) 'முடிந்த விரைவில்' காரணம் தர வேண்டும், 'மிக முந்தைய வாய்ப்பு' தர வேண்டும் என்கிறது. நாள் கணக்கு இல்லை. அதனால் ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் கேட்கப்படும்.

வாசகன்_திருச்சி

அந்த 'தாமதம்' எப்படிக் கணக்கிடப்படுகிறது? ஒரு உதாரணம் போட்டுக் காட்ட முடியுமா?

ஆட்கொணர்வு_66

காவலில் உள்ளவரோ குடும்பமோ அரசுக்கு மனு அனுப்புகிறார்கள். உள்துறை, மதுவிலக்கு, ஆயத்தீர்வைத் துறைக்கு. வழக்கு விசாரணைக்கு வரும் நாளில் அரசு வழக்கறிஞர் ஒரு தாள் நீட்டுவார், அதைப் புரோஃபார்மா என்போம். மனுவின் தேதி, வந்த தேதி, ஆட்சியரிடம் குறிப்புரை கேட்ட தேதி, குறிப்புரை வந்த தேதி, கோப்பு வைக்கப்பட்ட தேதி, சார்புச் செயலாளர், துணைச் செயலாளர், அமைச்சர் பார்த்த தேதிகள், நிராகரிப்புக் கடிதம் தயாரான தேதி, சிறைக்குப் போன தேதி. ஒரே பக்கம். வழக்கின் உயிர் அதில்தான்.

கற்பனையாக வைத்துக்கொள்வோம். குறிப்புரை கேட்டது 6ஆம் தேதி வெள்ளி, வந்தது 17ஆம் தேதி செவ்வாய். இடையில் 10 நாள். சனி ஞாயிறு நான்கைக் கழித்தால் 6 நாள். இந்த 6 நாளும் கோப்பு எங்கே இருந்தது என்று அரசு தாக்கல் செய்யும் எதிர்வாக்குமூலத்தில் ஒரு வரி இல்லையென்றால் ஆணை தப்பிப்பது கஷ்டம். ராஜம்மாள் வழக்கில் (1999) அமைச்சர் சுற்றுப்பயணத்தில் இருந்தார் என்று 5 நாளுக்குக் காரணம் சொன்னார்கள். ஒருவனின் சுதந்திரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது அமைச்சர் ஊரில் இல்லை என்பது காரணமாகாது என்று உச்ச நீதிமன்றம் ஆணையை ரத்து செய்தது. நாள் எண்ணிக்கை பெரிதில்லை, விளக்கம் இல்லாததுதான் குற்றம் என்பது அதன் சாரம். 20 நாள் ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் காட்டினால் ஆணை நிற்கலாம்.

இதில் குடும்பங்கள் செய்யும் தவறு: மனுவே அனுப்பாமல் நேரே உயர் நீதிமன்றம் வருவது. மனு இல்லையென்றால் தாமதம் என்ற வாதமும் இல்லை. ஆணை கைக்கு வந்த வாரத்திலேயே இரண்டு மனு போக வேண்டும். ஒன்று ஆணையிட்ட அதிகாரிக்கு, ஒன்று அரசுக்கு. பதிவுத் தபால் ரசீதும் ஒப்புகை அட்டையும் பத்திரம். சிறைக் கண்காணிப்பாளர் வழியாக அனுப்பினால் சிறைப் பதிவேட்டு எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

அதிகாரிக்கு ஏன் தனியாக என்றால், அரசு ஒப்புதல் தரும்வரை ஆணையைத் திரும்பப் பெறும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. அப்படி ஒரு உரிமை உண்டு என்பதைக் காவலில் உள்ளவருக்குச் சொல்லவும் வேண்டும், சொல்லாவிட்டால் ஆணை பழுது என்று சந்தோஷ் சங்கர் ஆச்சார்யா வழக்கில் (2000) உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. காரணங்கள் பத்திரத்தின் கடைசிப் பத்தியில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

கண்மணி_சட்டம்

தமிழாக்கம் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்க அண்ணா. 'புக்லெட்' என்றால் என்ன என்றே பலருக்குத் தெரியாது.

ஆட்கொணர்வு_66

ஆணையோடு கொடுக்கும் ஆவணக் கட்டுதான் புக்லெட். பழைய வழக்குகள் 'அட்வர்ஸ் கேஸ்'. கடைசியாக எந்தச் சம்பவத்தை வைத்து ஆணை போட்டார்களோ அது 'கிரவுண்ட் கேஸ்'. முதல் தகவல் அறிக்கை, வாக்குமூலங்கள், மகஜர், ரிமாண்ட் உத்தரவு, ஜாமீன் உத்தரவு எல்லாம் பக்க எண் போட்டுக் கட்டியிருக்கும்.

சரிபார்க்கும் விதம் சொல்கிறேன். காரணங்கள் பத்திரத்தை ஒரு கையில், புக்லெட்டை மறு கையில் வைத்துக்கொண்டு, பத்திரத்தில் பேர் சொல்லப்பட்ட ஒவ்வொரு ஆவணத்துக்கும் பக்க எண் குறித்துக்கொண்டே போங்கள். விடுபட்டது எது, ஆங்கிலத்தில் மட்டும் இருப்பது எது, ஒளிநகலில் மங்கிப்போனது எது என்று மூன்று பட்டியல் கிடைக்கும். பிறகு ஒரு கேள்வி: அந்த ஆவணத்தை அதிகாரி சும்மா குறிப்பிட்டாரா, அதைச் சார்ந்து முடிவெடுத்தாரா? குறிப்பிட்டது மட்டும் என்றால், நகல் இல்லாததால் என்ன பாதிப்பு என்று நாம் காட்ட வேண்டும். சார்ந்தது என்றால் பாதிப்பைக் காட்டவே வேண்டாம். இந்த வித்தியாசம் பவனம்மாள் வழக்கில் (1999) வந்தது. அதுவும் நம் மாநில வழக்குதான், ஒரு ஆவணத்தின் தமிழாக்கம் தராததால் ஆணை போனது. தெரியாத மொழியில் தரும் காரணம் தராததற்குச் சமம் என்பது 1962 ஹரிகிஷன் வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். ஆய்வாளர் சிறையில் வாய்மொழியாக விளக்கினார் என்பதும் எடுபடாது.

எல்லாவற்றிலும் பெரிய குழி ஜாமீன் பத்தி. ஆள் ஏற்கெனவே சிறையில். சிறையில் இருப்பவனைத் 'தடுக்க' ஏன் ஆணை? அதற்கு அதிகாரி எழுத வேண்டியவை மூன்று, கமருன்னிசா வழக்கில் (1990) வந்தவை: அவர் காவலில் இருப்பது எனக்குத் தெரியும், நம்பத்தக்க ஆதாரத்தின்படி அவர் ஜாமீனில் வெளிவர உண்மையான வாய்ப்பு உண்டு, வந்தால் திரும்பவும் அதையே செய்வார், எனவே அடைப்பது அவசியம். இரண்டாவதில்தான் சறுக்குவார்கள். ஜாமீன் மனுவே போடாதவருக்கு 'இதுபோன்ற வழக்கில் ஜாமீன் தரப்பட்டுள்ளது' என்று ஒரு வரி. ரேகா வழக்கில் (2011) உச்ச நீதிமன்றம் கேட்டது அதைத்தான்: எந்த வழக்கு, எந்த நீதிமன்றம், எந்தத் தேதி, உடன் எதிரிக்கா வேறு யாருக்கோவா? விவரம் இல்லை, ஆணை ரத்து. அதன் பிறகு 'சிமிலர் கேஸ்' உத்தரவு ஒன்றைப் புக்லெட்டில் சேர்க்கிறார்கள். அதை எடுத்துப் படியுங்கள். கிரவுண்ட் கேஸ் கொலை முயற்சியாக இருக்கும், ஒப்பிட்ட வழக்கு வெறும் அடிதடியாக இருக்கும். அல்லது குற்றப்பத்திரிகை தாக்கலாகாததால் கிடைத்த ஜாமீனாக இருக்கும். அது 'இதுபோன்ற' வழக்கே அல்ல.

எதிர்த்தரப்பு

இதைத்தான் சொல்கிறேன். இத்தனையும் குமாஸ்தா தவறுகள். குமாஸ்தா தவறுக்கு ரவுடி வெளியே.

பழங்கோப்பு

கோபம் புரிகிறது. ஆனால் வரிசையைத் திருப்பிப் பாருங்கள். இங்கே குற்றச்சாட்டுப் பதிவு இல்லை, சாட்சி இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. அறிவுரைக் கழகத்தின் முன் வழக்கறிஞர் வைக்கும் உரிமைகூட இல்லை. ஒருவர் கையெழுத்தில் 12 மாதம். அவருக்கு மிஞ்சியது ஒரே தற்காப்பு: தன் தரப்பை எழுதி அனுப்புவது. அதை எழுத ஆவணம் படிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், எழுதி அனுப்பியதை யாராவது சீக்கிரம் படிக்க வேண்டும். ஆக மொழிபெயர்ப்பும் தாமதமும் சில்லறை விஷயம் அல்ல, 22(5) தந்ததே அவ்வளவுதான்.

காரணத் தாளை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 1975 இருக்கிறது. ஜூன் 25 நெருக்கடி நிலை. 27ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, 14, 21, 22 சரத்துகளுக்காக நீதிமன்றம் போகும் உரிமை நிறுத்தம். மிசா என்ற அன்றைய மத்திய தடுப்புக்காவல் சட்டத்தில் 16-அ என்ற புதுப் பிரிவு: காரணம் சொல்லத் தேவையில்லை, அவை அரசு ரகசியம், நீதிமன்றத்துக்கும் காட்ட வேண்டாம். 1950ல் ஆறு பேர் ஒருமனதாக வெட்டிய 14ஆம் பிரிவு வேறு சட்டையில் திரும்பி வந்தது. இம்முறை அது நின்றது. ஒன்பது உயர் நீதிமன்றங்கள் காவலில் உள்ளவர்களின் ஆட்கொணர்வு மனுவை விசாரிக்கலாம் என்றன. 1976 ஏப்ரல் 28ல் உச்ச நீதிமன்றம் ஜபல்பூர் வழக்கில் 4க்கு 1 என்று அத்தனையையும் கவிழ்த்தது. நீதிபதி கன்னா மட்டும் மாறுபட்டார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி, பெரும்பான்மையில் இருந்த பெய்க் தலைமை நீதிபதியாக்கப்பட்டார், கன்னா பதவி விலகினார். நெருக்கடி நிலையை விசாரித்த ஷா கமிஷன் கணக்கில் மிசாவில் மட்டும் அடைக்கப்பட்டவர்கள் 34,988 பேர்.

சேலம்50

அந்தத் தீர்ப்பில் பெய்க் எழுதிய ஒரு வரி: காவலில் இருப்பவர்களை அரசு கவனித்துக்கொள்ளும் விதம் கிட்டத்தட்ட தாய்மைக்கு நிகரானது என்று. தேதியை ஒப்பிடுங்கள். 1976 ஜனவரி 31 தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சி கலைப்பு. பிப்ரவரியில் சென்னை மத்திய சிறையில் மிசா கைதிகள் மீது தடியடி. தீர்ப்பு ஏப்ரலில். முன்னாள் மேயரும் எம்.பி.யுமான சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். பிறகு நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அந்தச் சிறையில் நடந்ததைப் பதிவு செய்தது. ஆட்கொணர்வு மனு உயிரோடு இருந்திருந்தால் அந்தக் கைதிகளை நீதிமன்றத்தில் நிறுத்தச் சொல்லிக் கேட்டிருக்கலாம், உடம்பில் காயம் இருக்கிறதா என்று நீதிபதி கண்ணால் பார்த்திருப்பார். ஆளைக் கொண்டுவா என்பதுதானே அந்த மனுவின் பெயரே.

கண்மணி_சட்டம்

ஜபல்பூர் தீர்ப்பை முறைப்படி ரத்து செய்ய 2017 ஆகஸ்ட் 24 வரை, புட்டசாமி வழக்கு வரை ஆனது. பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி.சந்திரசூட்டின் மகனே அதை எழுதினார். கோபாலனின் 'தனித்தனி அறை' கோட்பாடு அதற்கு முன்பே போய்விட்டது, 1970 கூப்பர் வழக்கில் சுவர் விரிசல் விட்டு 1978 மேனகா காந்தி வழக்கில் இடிந்தது. ஆனாலும் 'அதிகாரியின் மனநிறைவு' அறை மட்டும் இன்னும் இடியவில்லை.

எதிர்த்தரப்பு சார் கேட்ட 'என்ன செய்வது' கேள்விக்கு: ஜாமீனில் வந்து மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம், இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவில் 480(5), 483(3). பழக்கக் குற்றவாளிக்கு நன்னடத்தைப் பிணை, பிரிவு 129. அமீனா பேகம் வழக்கு (2023) வரை உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்வது, சாதாரணச் சட்டம் போதுமான இடத்தில் தடுப்புக்காவலைக் கையில் எடுக்காதே என்பது. அங்கே தெலங்கானா காவல்துறைக்குக் கிடைத்த கண்டனம் நமக்கும் பொருந்தும்.

எதிர்த்தரப்பு

ஜாமீன் ரத்து மனு எண்ணாகி, நோட்டீஸ் போய், விசாரணைக்கு வருவதற்குள் சாட்சி பல்டி அடித்துவிடுவார். ஆனால் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். செல்ஃபோன் பறிப்புக்கும் மதுபோதைத் தகராறுக்கும் குண்டர் சட்டம் போடுவது சட்டத்தின் மதிப்பையே கெடுக்கிறது.

பழங்கோப்பு

அங்கேதான் 'பொது ஒழுங்கு' வருகிறது, குண்டர் சட்ட ஆணைக்கு அதுதான் அளவுகோல். லோகியா வழக்கில் (1966) நீதிபதி இதாயத்துல்லா சொன்ன மூன்று வட்டங்கள்: வெளியே பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதற்குள் பொது ஒழுங்கு, நடுவில் சின்னதாக நாட்டின் பாதுகாப்பு. வட்டிக்காரரைக் கடன்காரர் கத்தியால் குத்தினால் பெரிய வட்டம். அதைப் பார்த்துத் தெருவே கதவைச் சாத்தி, பஸ் நின்று, பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பப் பயந்தால்தான் உள்வட்டம். காரணங்கள் பத்திரத்தில் 'கடைக்காரர்கள் கடைகளை அடைத்துவிட்டு ஓடினர், பொதுமக்கள் பீதியடைந்து சிதறினர்' என்ற வாக்கியம் எல்லா ஆணையிலும் அச்சுப் பிசகாமல் இருப்பது இந்தத் தீர்ப்பால்தான்! ஊரும் தேதியும் மாறும், ஓடிய கடைக்காரர்கள் மாறமாட்டார்கள். அந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக ஒரு கடைக்காரரின் வாக்குமூலமாவது புக்லெட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

நள்ளிரவு_வாசிப்பு

ஒரே தடவையில் 12 மாதத்துக்கு உறுதி செய்வது தப்பு, மூன்று மூன்று மாதமாகத்தான் நீட்டிக்க வேண்டும் என்று செருகூரி மணி வழக்கில் இருக்கிறதே. அதைச் சொல்லி மனு போடலாமா?

ஆட்கொணர்வு_66

வேண்டாம் தோழர். அந்த 2014 தீர்ப்பு 2023 ஆகஸ்டில் பெசல நூகராஜு வழக்கில் அடிபட்டுப் போய்விட்டது. மூன்று மாத வரம்பு அதிகாரத்தை ஒப்படைக்கும் காலத்துக்குத்தான், ஆள் அடைபடும் காலத்துக்கு அல்ல. நம் தேவகி வழக்கில் (1990) ஏற்கெனவே அப்படித்தான் சொல்லியிருந்தது, 2014ல் அதைக் கவனிக்கவில்லை. இணையத்தில் சுற்றும் மாதிரி மனுக்களில் செருகூரி மணி இன்னும் உட்கார்ந்திருக்கிறது, பார்த்து நீக்குங்கள்.

வாசகன்_திருச்சி

அறிவுரைக் கழகத்தில் யார் இருப்பார்கள்? அங்கே வழக்கறிஞர் இல்லை என்றால் என்னதான் செய்ய முடியும்?

கண்மணி_சட்டம்

மூன்று பேர். உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவர், இருந்தவர், அல்லது ஆகத் தகுதியுள்ளவர். அமைப்பது அரசே. 1978ல் 44ஆம் திருத்தம் இதை மாற்றப் பார்த்தது: உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி கழகம், பணியில் உள்ள நீதிபதி தலைவர், கழகத்தின் கருத்து இல்லாமல் அடைத்து வைக்கக்கூடிய மூன்று மாதம் இரண்டாகக் குறையும். நாடாளுமன்றத்தில் நிறைவேறி, ஒப்புதலும் ஆயிற்று. ஆனால் அந்த 3ஆம் பிரிவை நடைமுறைப்படுத்தும் அறிவிக்கை மட்டும் வெளியாகவே இல்லை. அதே திருத்தத்தின் இன்னொரு பகுதி, நெருக்கடி நிலையிலும் 20, 21 சரத்துகளை நிறுத்த முடியாது என்பது, அமலுக்கு வந்துவிட்டது. இது மட்டும் தொங்குகிறது. ஏ.கே.ராய் வழக்கில் (1981) கேட்டபோது, அரசை நாங்கள் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் கையை விரித்தது.

அதே வழக்கில் கிடைத்த சின்ன ஆறுதல்: அரசு தரப்பில் வழக்கறிஞரோ சட்ட ஆலோசகரோ கழகத்தின் முன் வந்தால் காவலில் உள்ளவருக்கும் அந்த வசதி தர வேண்டும். வழக்கறிஞர் அல்லாத நண்பர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளவும் கேட்கலாம். கேட்க வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது. கழகத்துக்குப் போகும்முன் எழுத்து மூலம் கேட்டு, நகல் வைத்துக்கொள்ளுங்கள். மறுத்தால் அதுவே மனுவில் ஒரு காரணம்.

நள்ளிரவு_வாசிப்பு

கடைசியாக ஒன்று. ஆணை ரத்தான அன்றே ஆள் வீட்டுக்கு வந்துவிடுவாரா?

ஆட்கொணர்வு_66

பெரும்பாலும் வரமாட்டார். தீர்ப்பின் கடைசி வரியைப் படியுங்கள்: 'வேறு வழக்கில் காவல் தேவைப்படாவிட்டால்' விடுவிக்க வேண்டும் என்றிருக்கும். ரத்தாவது தடுப்புக்காவல் மட்டும். கிரவுண்ட் கேஸில் ரிமாண்ட் அப்படியே நிற்கிறது. குடும்பம் சிறை வாசலில் சாயங்காலம்வரை நின்றுவிட்டுத் திரும்புவது இதனால்தான்.

கிரவுண்ட் கேஸில் எப்போது ஜாமீன் கேட்பது என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஆணைக்கு முன்பே ஜாமீன் மனு நிலுவையில் இருந்தால் 'வெளிவர வாய்ப்பு' என்று எழுத அதிகாரிக்கு அது உதவும். அதனால் சிலர் மனுவே போடாமல் வைத்திருப்பார்கள். ஆணை வந்த பிறகு அந்தத் தயக்கத்துக்கு அர்த்தமில்லை. ஆட்கொணர்வு மனு இரு நீதிபதி அமர்வில் வரிசைக்கு வர மாதங்கள் ஆகும். அதற்குள் கிரவுண்ட் கேஸிலும், ஜாமீன் இல்லாத அட்வர்ஸ் கேஸ் ஒவ்வொன்றிலும் ஜாமீன் வாங்கி, ஜாமீன்தாரர் பத்திரங்களையும் முடித்து வையுங்கள். வேறு மாவட்டத்தில் பி.டி. வாரண்ட் (சிறையில் உள்ளவரை இன்னொரு வழக்கில் ஆஜர்படுத்தச் சொல்லும் உத்தரவு) எதுவும் நிலுவையில் இருக்கிறதா என்று சிறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு ரத்து உத்தரவின் சான்றிட்ட நகல் சிறைக்குப் போனால் அன்றோ மறுநாளோ வெளியே வரலாம்.